அம்புக்குறி நிற்கும் இடத்தில் டப்பா இருக்காது: ஜியோகேச் பக்கத்தை வாசிக்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் ஜியோகேச்சிங் என்று பேச்செடுத்தால், ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் மூன்று விளக்கம் வந்துவிடும். “போன் காட்டுற எடத்துல தோண்டுனா புதையல் கெடைக்குமாம்” என்பார் ஒருவர். “அது காட்டுக்குள்ள மைல் கணக்கா நடக்கிறவங்க வெளையாட்டுப்பா” என்பார் அடுத்தவர். மூன்றாமவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்: “ஜிபிஎஸ் நேரா டப்பா மேலயே கொண்டுபோய் விட்டுடுமே, அப்புறம் தேடுறதுக்கு என்ன இருக்கு?”

மூன்றுமே தவறு. தோண்டி எடுக்கும்படி டப்பா வைப்பதை இந்த விளையாட்டின் விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. காரை நிறுத்திவிட்டுப் பத்து எட்டு வைத்து எடுக்கக்கூடியவையும் நிறைய உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு சுருட்டிய தாள். இடமிருந்தால் சாவிக்கொத்து, கோலிக்குண்டு, சின்னப் பொம்மை. புதியவர்களை அதிகம் அலையவைப்பது மூன்றாமவர் சொன்னதுதான். போனில் ஓர் அம்புக்குறியும் தூரமும் தெரிந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் இணையத்தில் ஒரு விவரப் பக்கம் இருக்கிறது, அதில் யாரோ உட்கார்ந்து எழுதிவைத்த விஷயங்கள் இருக்கின்றன என்பதைத் திரும்பி வந்த பிறகுதான் பார்க்கிறார்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுகிறார். மற்றவர்கள் தேடிப்போய், உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருகிறார்கள். அந்த டப்பாவின் பெயர் ‘கேச்’. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. அதுவரை பொதுமக்களின் கருவி நூறு மீட்டர்வரை தவறக்கூடியதாக இருந்தது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை வைத்து, எண்களை இணையத்தில் வெளியிட்டார். அந்த முதல் வாளி பாதி புதைந்துதான் இருந்தது. புதையல் என்ற பேச்சுக்கு அவரும் ஒரு காரணமோ என்னவோ.

வீட்டு நம்பர் ஒன்று, வழி சொல்வது இன்னொன்று

தோட்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் லயத்து வீட்டு நம்பர் அச்சாகியிருக்கிறது. அதை மட்டும் பார்த்துப் போகிறவர் தோட்டத்துக்குள் போய்விடலாம், லயத்தையும் பிடித்துவிடலாம். ஆனால் அழைத்தவர் போனில் சொன்னது வேறு: “மழ பேஞ்சா மண்சடக்கு வழியா வராதீங்க மாமா, கார் எறங்கிடும். ஆபீஸ் வழியா வந்து மாரியம்மன் கோயில் கிட்ட நிறுத்திடுங்க. அங்கேருந்து நடந்தா வாசல்ல முருங்கை மரம் இருக்கிற வீடு. நாய் கொலைக்கும், ஒன்னும் பண்ணாது. பத்து மணிக்கு மேல கேட்டப் பூட்டிடுவாங்க.”

கேச்சின் விவரப் பக்கம் இந்தப் போன் பேச்சைப் போன்றது. எந்த வழி, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிவரை, எதைப் பார்த்து அடையாளம் காண்பது, எதற்குப் பயப்பட வேண்டாம் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். வீட்டு நம்பரின் இடத்தில் இருப்பது ஆள்கூறு. அதாவது பூமியில் ஓர் இடத்தை, வடக்கு தெற்காக எவ்வளவு, கிழக்கு மேற்காக எவ்வளவு என்று இரண்டு எண்களால் சொல்வது.

எண் எதுவரை கொண்டுபோகும்

இதை விளக்க ஒரு கற்பனைக் கேச் வைத்துக்கொள்வோம். அதன் ஆள்கூறு: வடக்கு 04° 49.250, கிழக்கு 101° 04.300. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்கோ விழும் எண்தான். அங்கே போய்த் தேடிவிடாதீர்கள்.

எழுதியிருக்கும் முறையைக் கவனியுங்கள். 4 என்பது பாகை. 49.250 என்பது கலை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. ஜியோகேச்சிங்கில் கலையைத்தான் தசமத்தில் எழுதுகிறார்கள். இது தெரியாமல் இன்னொரு வரைபடச் செயலியில் 4.49250, 101.04300 என்று தட்டினால், ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தெற்கே பத்து காஜா ஊர்ப் பக்கம் போய் நிற்பீர்கள். சரியான மாற்று 4.82083, 101.07167. இன்னொரு வகைத் தவறு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விநாடி என்று படிப்பது. 49 கலை 25.0 விநாடி, 4 கலை 30.0 விநாடி என்று போட்டால் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் தள்ளிப்போகும். இது முதல் தவறைவிட மோசம். பத்து காஜா என்றால் சந்தேகம் வரும். அரைக் கிலோமீட்டர் என்றால் வராது, நம்பித் தேடிக்கொண்டிருப்போம். எண்களைக் கையால் தட்டாமல், கேச் செயலியிலிருந்தே வரைபடத்தைத் திறப்பது நல்லது.

சரி, எண்ணைச் சரியாகவே போட்டாயிற்று. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தரையில் ஏறக்குறைய 1.85 மீட்டர் மாறும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். எண் அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதே, அப்படியானால் கருவியும் அந்த அளவுக்குத் துல்லியமாகத்தானே காட்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். எழுதும் நுணுக்கம் வேறு, அளக்கும் துல்லியம் வேறு.

ஜிபிஎஸ் செய்வது இது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் ‘இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்’ என்று இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் போன் அதைக் கேட்டு, சமிக்ஞை வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் கணக்கு சேர்ந்தால் நீங்கள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருவதால், நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 சென்டிமீட்டர் பிழை. சமிக்ஞை ஈர இலையைத் துளைத்து வந்தாலோ, தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தாலோ தாமதம் சேரும், பிழையும் சேரும். திறந்த வானத்தின் கீழ் சாதாரண ஸ்மார்ட்போன் 5 மீட்டர் வட்டத்துக்குள் காட்டும். மரத்தடியில் அது விரியும். டப்பாவை வைத்தவரின் போனும் அன்று இதேபோல் தவறியிருக்கும். இரண்டு பிழையும் சேர்ந்து ஏழெட்டு மீட்டர் என்பது சாதாரணம்; அடர்ந்த நிழலில் பத்தைத் தாண்டும்.

பத்து மீட்டர்தானே என்று தோன்றலாம். செம்பனைத் தோட்டத்துக்குள் நின்று பாருங்கள். மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளி விட்டு நட்டிருப்பார்கள், ஒரு ஹெக்டருக்கு நூற்று நாற்பது மரம் கணக்கில். பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் நாலைந்து மரம் விழும். எல்லாம் ஒரே வயது, ஒரே உயரம், ஒரே மாதிரி மட்டை அடிகள், அந்த இடுக்கெல்லாம் ஒரே மாதிரிப் பெரணி. எந்த மரம் என்று அம்புக்குறி சொல்லாது. பழைய கித்தாக் காட்டிலும் இதே கதைதான், மரங்கள் இன்னும் நெருக்கமாக இருக்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம்: “தோட்டத்துக்குள்ள லைன் இல்ல, ஜிபிஎஸ் வேலை செய்யாது.” போன் செயற்கைக்கோளைக் கேட்க மட்டும்தான் செய்கிறது; அதற்குத் தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை. லைன் இல்லையென்றால் முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவே. லைன் தேவைப்படுவது வரைபடத்துக்கும் விவரப் பக்கத்துக்கும். ஆகவே இரண்டையும் வீட்டிலேயே போனில் இறக்கிச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது: ஆள்கூறு உங்களை ஒரு வட்டத்துக்குள் கொண்டுபோய் விடும். வட்டத்துக்குள் டப்பாவைப் பிடிப்பது பக்கத்தைப் படித்தவர் வேலை.

கிளம்புமுன் முதலில் பார்ப்பது வகை

வரைபடத்தில் ஒவ்வொரு கேச்சுக்கும் ஒரு நிறம், ஒரு சின்னம் இருக்கும். பச்சை நிறம் ‘டிரடிஷனல்’. காட்டும் எண்ணில் டப்பா இருக்கிறது என்று பொருள். ‘மல்டி’ என்றால் அந்த எண்ணில் இருப்பது முதல் கட்டம் மட்டும். அங்கே ஒரு பலகையிலோ கல்லிலோ ஏதாவது படித்து, அடுத்த எண்ணைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். கேள்விக்குறிச் சின்னம் ‘மிஸ்டரி’. இதில்தான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். வரைபடத்தில் தெரியும் இடம் பெரும்பாலும் சும்மா போட்டது. புதிரை வீட்டில் அவிழ்த்தால்தான் உண்மையான எண் கிடைக்கும், அது பொதுவாக 3 கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் இருக்கும். கேள்விக்குறி விழுந்த இடத்தில் போய்ப் புதரை விலக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

‘எர்த்கேச்’ என்ற வகையில் டப்பாவே கிடையாது. ஒரு சுண்ணாம்புக் குன்றையோ வெந்நீர் ஊற்றையோ பார்த்து, அதன் மண்ணியல் பற்றிய கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். மற்ற வகைகளை முதல் மாதத்தில் மறந்துவிடலாம்.

வகைக்கு அடுத்து நிலை. தற்காலிகமாக நிறுத்தப்பட்ட கேச் என்றால் பெயரைக் கோடிட்டோ சாம்பல் நிறத்திலோ காட்டும். போகாதீர்கள்.

இரண்டு சிரமம், இரண்டு கேள்வி

பக்கத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். இரண்டு எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை, அரை அரையாக ஏறும். ‘இது 1.5, அது 4, ரெண்டையும் கூட்டினா நடுத்தரம்’ என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கூட்டக்கூடாது. அவை வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்.

முதலாவது, தேடும் சிரமம். இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு டப்பாவைக் கண்டுபிடிக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்று அது சொல்கிறது. 1 என்றால் சில நிமிடம். 2 என்றால் அரைமணி நேரத்துக்குள். 3 ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். 4, 5 எல்லாம் தனித் திறமையோ முன்தயாரிப்போ கேட்பவை; புதிரின் கடினமும் இதில்தான் சேரும். இரண்டாவது, போகும் சிரமம். கால் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது. 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 5 என்றால் படகோ கயிறோ மாதிரி ஏதாவது சாதனம் தேவை.

தேடும் சிரமம் 4, போகும் சிரமம் 1.5 என்றால் தாமானுக்குப் பக்கத்துப் பூங்காவில்தான் இருக்கும், ஆனால் போல்ட்டு மாதிரியோ பல்லி மாதிரியோ வேஷம் போட்டிருக்கும். இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தால் மலையேறிப் போய்ப் பார்த்த உடனேயே கண்ணில் படும். பிள்ளைகளோடும் பாட்டியோடும் கிளம்புகிறவர் இரண்டாவது எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்பவர் முதல் எண்ணைப் பார்க்க வேண்டும். என் அபிப்பிராயத்தில் இரண்டுமே 2-க்கு மேல் போகாத கேச்சில்தான் புதியவர்கள் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 4-க்குப் போய், ‘இதெல்லாம் சும்மா’ என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

போகும் சிரமத்தில் நம் ஊருக்கென்று ஒரு திருத்தமும் போட்டுக்கொள்ள வேண்டும். வைத்தவர் வெயில் காலத்தில் வந்து 2 போட்டிருப்பார். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குமேல் இடிமழை வழக்கம். செம்மண் சடக்கு நனைந்தால் அந்த 2 சத்தமில்லாமல் 3 ஆகிவிடும். காலையில் போவதே நல்லது. அதில் இன்னொரு வசதியும் உண்டு: தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கும், ஏதாவது என்றால் கூப்பிடலாம்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மைக்ரோ’ 100 மில்லிலிட்டருக்குக் குறைவு, பழைய பிலிம் டப்பா அளவு. ‘ஸ்மால்’ ஒரு லிட்டர் வரை. ‘ரெகுலர்’ 20 லிட்டர் வரை. அதற்குமேல் ‘லார்ஜ்’. ஆனால் இந்த ஒரு சொல் தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். அதைப் பிறகு பார்ப்போம்.

சுருக்கமாக: வகை எங்கே தேடுவது என்று சொல்கிறது, இரண்டு எண்களில் ஒன்று கண்ணுக்கு, மற்றது காலுக்கு.

பழைய பதிவுகள்: பக்கத்திலேயே மிகப் பயனுள்ள பகுதி

பக்கத்தின் அடியில் முன்பு வந்தவர்கள் எழுதிய பதிவுகள் இருக்கும். கிடைத்தவர்கள் கிடைத்தது என்று எழுதுவார்கள், கிடைக்காதவர்கள் கிடைக்கவில்லை என்று எழுதுவார்கள். கிடைக்காததன் குறியீடு டிஎன்எஃப், சோகமான நீல முகம் ஒன்று. வரிசையாக இரண்டு நீல முகம் பார்த்தால் ‘டப்பா போயிடுச்சு’ என்று முடிவுகட்டுவது வழக்கம். அவசரப்பட வேண்டாம். அந்த முகங்களைத் தேடும் சிரமத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தேடும் சிரமம் 1.5. பல மாதங்களாக எல்லாருக்கும் கிடைத்துவந்தது. இப்போது தொடர்ந்து மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை. இது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். தேடும் சிரமம் 4, தொடக்கத்திலிருந்தே கிடைத்தவரும் கிடைக்காதவரும் மாறிமாறி வருகிறார்கள், கடைசி மூன்று பேருக்குக் கிடைக்கவில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை; இந்தக் கேச்சின் குணமே அதுதான். எழுதியவர் யார் என்பதும் முக்கியம். ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் அவர் இதுவரை கண்டுபிடித்த எண்ணிக்கை இருக்கும். ஆயிரக்கணக்கில் எடுத்தவர் அரைமணி நேரம் தேடிக் கிடைக்கவில்லை என்றால் யோசிக்க வேண்டும். அன்றுதான் சேர்ந்தவர் கிடைக்கவில்லை என்றால், ஒருவேளை அவர் பக்கத்தைப் படிக்காதவராக இருக்கலாம்.

தேதியைப் பாருங்கள். கடைசியாகக் கிடைத்தது எப்போது? அதற்குப் பிறகு அந்த நிலத்துக்கு என்ன ஆனது? தோட்டப்புறத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். செம்பனையை ஏறக்குறைய 25 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள். கித்தாவை அழித்துச் செம்பனை போடுவார்கள், செம்பனையை அழித்துத் தாமான் கட்டுவார்கள். பழைய லயத்துப் படிக்கட்டில் வைத்த டப்பா, படிக்கட்டோடு போயிருக்கும். வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, பச்சை இன்னும் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பதிவுகளில் வழியும் கிடைக்கும். “கோயில் பக்கமிருந்து வந்தால் கால்வாயைத் தாண்ட முடியாது, சுற்றிப் போங்கள்” என்று யாராவது எழுதியிருப்பார். “என் போன் ஆறேழு மீட்டர் தள்ளிக் காட்டியது” என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால், வட்டத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எந்தத் திசையில் தள்ளியது என்றும் எழுதியிருந்தால் இன்னும் நல்லது. “நனைந்த தாள், பேனா எழுதவில்லை” என்றால் பென்சில் எடுத்துப் போக வேண்டும். “தேங்க் யூ” மட்டும் எழுதுகிறவர்களால் யாருக்கும் பிரயோசனமில்லை.

நேர்க்கோடு நடக்கும் கோடு இல்லை

அம்புக்குறிக்குப் பக்கத்தில் 300 மீட்டர் என்று இருந்தால், அது காக்கை பறக்கும் கணக்கு. இடையில் பிளஸ் ஆறு இருக்கலாம். வேலி போட்ட மின்சார ரயில் பாதை இருக்கலாம், அதைத் தாண்ட நினைக்கவே கூடாது. முள்ளுக்கம்பி கட்டிய யாரோ ஒருவரின் சின்னத் தோட்டம் இருக்கலாம். விவரப் பக்கத்தில் ‘கூடுதல் புள்ளிகள்’ என்று ஒரு பகுதி உண்டு. வண்டி நிறுத்தும் இடம், பாதை தொடங்கும் இடம் என்று வைத்தவர் தனியாக ஆள்கூறு கொடுத்திருப்பார். வழிகாட்டிச் செயலிக்குக் கொடுக்க வேண்டியது டப்பாவின் எண்ணை அல்ல, வண்டி நிறுத்தும் இடத்தின் எண்ணை. இல்லையென்றால் அது உங்களைத் தப்பான கரைக்குக் கூட்டிப்போய், ‘வந்துசேர்ந்துவிட்டீர்கள்’ என்று சொல்லும்.

சின்னச் சின்னப் படங்களாகச் சில குறிப்புகளும் இருக்கும்: 24 மணி நேரமும் போகலாமா, விளக்கு வேண்டுமா, விஷச்செடி உண்டா, ஆபத்தான பகுதியா, மற்றவர் கண்ணில் படாமல் எடுக்க வேண்டுமா. படத்தின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் ‘இல்லை’ என்று அர்த்தம். நம் வட்டாரத்தில் டப்பா வைத்தவர்கள் இவற்றை எப்போதும் முழுமையாகப் போடுவதில்லை. பாம்புப் படம் இல்லை என்பதற்காகச் செம்பனை வரிசைகளுக்கிடையே அடுக்கிய மட்டைக் குவியலுக்குள் கையை விட்டுவிடாதீர்கள். எலி இருக்கும் இடம், எலியைத் தேடி வருவதும் இருக்கும்.

நிலம் யாருடையது என்பதையும் பக்கத்தில் தேடுங்கள். டப்பா வைக்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பது விதி. ‘நிர்வாகம் அறியும்’ என்று வைத்தவர் எழுதியிருந்தால் நிம்மதி. அப்படியும் மண்டோர் மோட்டாரை நிறுத்தி, “என்னாப்பா தேடுறீங்க இங்க?” என்று கேட்கத்தான் செய்வார். பழக்குலை திருட்டுப் போகிற இடத்தில் அவர் கேட்காமல் இருந்தால்தான் தப்பு. “ஒன்னுமில்லண்ணே” என்று மழுப்பினால் சந்தேகம் கூடும். போனில் பக்கத்தைக் காட்டி, “இது ஒரு வெளையாட்டுண்ணே, இங்க ஒரு டப்பா வெச்சிருக்காங்க” என்று சொல்லிவிடுவது மேல். போகச் சொன்னால் போய்விட வேண்டும்.

வட்டத்துக்குள் நின்ற பிறகு

பத்து மீட்டர் என்று காட்டியதும் போனைப் பார்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அசையாமல் நின்றாலும் அம்புக்குறி அங்குமிங்கும் ஆடும். அதன் பின்னால் ஓடினால் ஒரே மரத்தைச் சுற்றி வட்டமடிப்பீர்கள். ஒரு சின்ன உத்தி: இருபது முப்பது மீட்டர் பின்வாங்கி, வேறு திசையிலிருந்து நிதானமாக நடந்து வாருங்கள். ஒவ்வொரு தடவையும் அம்பு எந்த இடத்தைக் காட்டுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று திசைக் கோடுகள் சந்திக்கும் இடத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

இப்போது பக்கத்தை மறுபடி திறங்கள். அளவு ‘ரெகுலர்’ என்றால் சோற்றுப் பானை அளவு டப்பா. அது நுழையாத இடுக்குகளையெல்லாம் பார்வையிலிருந்து தள்ளிவிடலாம். மரத்தின் அடி, கல் குவியல், பாலத்தடி மட்டும் மிஞ்சும். ‘மைக்ரோ’ என்றால் தலைகீழ். பலகைக் கம்பத்தின் உட்புறம், வேலிக் குழாயின் வாய், இரும்புக் கிராதியின் பின்பக்கம் எல்லாம் கணக்கில் வரும். அளவோடு தேடும் சிரமத்தைச் சேருங்கள். மைக்ரோ, சிரமம் 1.5 என்றால் வழக்கமான இடத்தில்தான் இருக்கும். முதலில் உங்கள் கை எங்கே போகிறதோ அங்கே. மைக்ரோ, சிரமம் 4 என்றால் நீங்கள் ஏற்கெனவே இரண்டு முறை தொட்ட பொருளே டப்பாவாக இருக்கலாம்.

பிறகு துப்பு. பக்கத்தில் புரியாத எழுத்துகளில் ஒரு வரி இருக்கும். தவறிப்போய்க் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பதற்காக அதை மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஆங்கில எழுத்து 26. ஒவ்வொன்றையும் 13 இடம் தள்ளிப் போட்டிருப்பார்கள். ‘ஏ’ இருந்த இடத்தில் ‘என்’, ‘பி’ இருந்த இடத்தில் ‘ஓ’. 13 என்பது 26-இல் சரிபாதி என்பதால், அதே வேலையை இன்னொரு தடவை செய்தால் பழையபடி ஆகிவிடும். செயலியில் ஒரு தட்டு தட்டினால் தானே விரியும்.

துப்பைப் பார்ப்பது ஏமாற்று வேலை என்று சிலர் வீம்பு பிடிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, குறிப்பாகத் தோட்டத்தில். பார்க்காமல் தேடுகிறவர் நாலைந்து மரத்தின் மட்டைகளைப் பிய்த்துப் போடுவார். கல்லையெல்லாம் புரட்டிவிட்டுப் போவார். துப்பு ‘காந்தம்’ என்றால் மரத்தை விட்டுவிட்டு இரும்பைத் தேடலாம். செம்பனைக் காட்டுக்குள் இரும்பு எத்தனை இருக்கப்போகிறது? ஒரு பலகைக் கம்பம், ஒரு கேட், ஒரு குழாய். வட்டம் சட்டென்று சுருங்கிவிடும். துப்பு மலாயில் இருந்தால் அவசரமாக மொழிபெயர்ப்புச் செயலியைத் தேடாதீர்கள், கூட வந்தவர் யாருக்காவது தெரியும். கேச்சின் பெயரிலும் துப்பு ஒளிந்திருப்பதுண்டு, அதையும் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் பழைய பதிவுகளின் படங்களைப் பார்க்கலாம். யாரோ எடுத்த செல்ஃபியின் பின்னணியில் நீங்கள் நிற்கும் மரமே தெரியலாம்.

ஓர் எச்சரிக்கை. வட்டத்துக்குள் சிவப்புத் துணி கட்டிய மரமோ, சூலம் நட்ட முனீஸ்வரர் மேடையோ இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். முறையாக வைத்த கேச் அங்கே இருக்காது. இருந்தாலும் எடுக்க வேண்டியதில்லை, வைத்தவருக்கு எழுதி இடத்தை மாற்றச் சொல்லலாம்.

சுருக்கமாக: அளவு பொருத்தமில்லாத இடங்களைக் கழிக்கும், தேடும் சிரமம் எவ்வளவு தந்திரம் என்று சொல்லும், துப்பு எந்தப் பொருளைத் தொட வேண்டும் என்று காட்டும். மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் வட்டம் சுருங்கும்.

நீங்கள் எழுதுவதும் அந்தப் பக்கத்தில்தான் சேரும்

கிடைத்தால் தாளில் பெயரும் தேதியும் எழுதுங்கள். உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால், அதற்கு ஈடாகவோ கூடவோ ஒன்றை வையுங்கள். உணவுப் பொருள் கூடாது. எறும்பும் காட்டுப்பன்றியும் டப்பாவை விட்டுவைக்காது. மூடியை நன்றாக அழுத்தி மூடி, இருந்தபடியே வைத்துவிடுங்கள். இன்னும் நல்ல இடம் என்று உங்களுக்குத் தோன்றினாலும் மாற்றக்கூடாது, துப்பு பொய்யாகிவிடும்.

இணையப் பதிவில் அடுத்தவருக்கு உதவுவதை எழுதலாம்: சடக்கு எப்படி இருந்தது, எங்கே நிறுத்தினீர்கள், தாள் நனைந்திருந்ததா, போன் எவ்வளவு தள்ளிக் காட்டியது. டப்பா எதற்குள் இருக்கிறது என்பதை மட்டும் எழுதாதீர்கள், படத்திலும் காட்டாதீர்கள். கிடைக்காவிட்டாலும் டிஎன்எஃப் போடுங்கள். அது தோல்விப் பட்டியல் என்று வெட்கப்பட்டுப் பலர் போடாமல் விடுகிறார்கள். விளைவு என்னவென்றால், எப்போதோ காணாமல் போன டப்பா நன்றாக இருப்பதுபோலவே பக்கத்தில் தெரியும். ஈப்போவிலிருந்து ஒரு குடும்பம் வண்டி எடுத்து வந்து வெறுங்கையோடு திரும்பும். டப்பா உடைந்திருந்தாலோ, மரத்தையே வெட்டியிருந்தாலோ, வைத்தவரின் கவனத்துக்குக் கொண்டுபோகத் தனிப் பதிவு வகை ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் அவருக்குத் தகவல் போய்விடும். அவர் மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாவிட்டால், பக்கங்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர்களுக்கும் அதேபோல் தெரிவிக்கலாம். அவர்கள் பார்த்து நிறுத்திவைப்பார்கள், அல்லது வரைபடத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.